எங்கள் ரீச்சருக்கு விடைகொடுக்கும் வேளையில்

(கனடாவின் ஸ்காபரோவில் இயங்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பொன்றின் ஆசிரியை ஓய்வுபெறுவதை முன்னிட்டு நடைபெற்ற பிரியாவிடை நிகழ்வில், முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். ஆசிரியையின் விருப்பத்துக்கு இணங்க அவரது பெயர் இங்கு தவிர்க்கப்பட்டுள்ளது.)



இந்நிகழ்வில் பேசுமாறு என்னை அழைத்தபோது மகிழ்ச்சியை விடத் தயக்கமே மேலோங்கி நின்றது. ரீச்சரிடம் படித்துப் பரிசுகள் பெற்றோர் பலர் இம்மண்டபத்தில் இருக்கின்றார்கள். நானோ இவ்வகுப்பைப் பாதியில் விட்டுச் சென்றவள். அதுவும் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சென்றவள். அந்த வார்த்தைக்காக ரீச்சரிடம் நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. அதனை இன்று, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இவ்வழைப்பை ஏற்றுக்கொண்டேன்.

அதற்கு முன்னர், ரீச்சரை அறியாத இளையோருக்காகச் சில செய்திகளைக் கூற விரும்புகின்றேன்.

ரீச்சர் இலங்கையில் ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்றவர். வடமராட்சியில் ஒரு சிறிய ஊர்ப் பாடசாலையில் பதினொரு ஆண்டுகள் தமிழும் கணிதமும் கற்பித்தவர். நாட்டுச் சூழ்நிலை காரணமாகக் கனடாவுக்கு வந்தபோது அவரது பயிற்சிச் சான்றிதழ் இங்கு செல்லுபடியாகவில்லை. நம் பெற்றோர் பலரைப் போலவே அவரும் கிடைத்த வேலைக்குப் போனார். பொருட்களைப் பெட்டிகளில் அடைத்துப் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு இரவு வேலை. வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து, சனிக்கிழமை காலையில் இரண்டு பேருந்துகள் மாறி, வீட்டுக்குப் போகாமலே நேரே வகுப்புக்கு வந்துவிடுவார். 1991ஆம் ஆண்டிலிருந்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி என்றால் அவர் கரும்பலகையின் முன்னால் நிற்பார். அவரது காலணிகளில் சில நாட்களில் வெண்பனி ஒட்டியிருக்கும். கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். அந்தக் கண்கள் ஏன் சிவந்திருக்கின்றன என்று குழந்தைகளாகிய நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் கற்பித்த முறையைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

தமிழ் எழுத்துக்கள் 247 என்று கேட்டவுடனேயே இந்நாட்டில் வளரும் பிள்ளை மிரண்டுவிடும். ஆங்கிலத்தில் 26 தானே என்று கேட்கும். ரீச்சர் முதல் நாளிலேயே அந்த அச்சத்தைப் போக்கிவிடுவார். "உயிர் 12, மெய் 18, ஆக முப்பது எழுத்துக்களைப் படியுங்கள். சில குறிகளைப் பழகுங்கள். மிச்சம் 216உம் தாமாக உங்களிடம் வரும். ஆய்தத்தை நான் இனாமாகத் தருகின்றேன்" என்பார். வகுப்பு சிரிக்கும். ஆறு மாதங்களில் நாங்கள் எழுத்துக் கூட்டி வாசித்தோம்.

லகர, ளகர, ழகர வேறுபாட்டுக்கு அவர் விதி எதுவும் சொல்லித் தந்ததில்லை. 'தலை, தளை, தழை' என்று மூன்று சொற்களை எழுதி, மூன்று படங்களை வரைவார். எங்களுக்குப் பனி தெரியும், பனை தெரியாது. ஒரு நாள் பனாட்டு கொண்டு வந்து ஆளுக்கொரு துண்டு தந்தார். எங்களில் பெரும்பாலோருக்கு அது பிடிக்கவில்லை என்ற உண்மையையும் இன்று சொல்லிவிடுகின்றேன். ஆனால் அதன் பின்னர் பனை என்ற சொல்லை எங்களில் ஒருவரும் பிழையாக எழுதியதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து வந்த மாணவன் ஒருவன் எங்களோடு படித்தான். ஒரு நாள் அவன் பலகையில் 'டொராண்டோ' என்று எழுதினான். 'ரொறன்ரோ' என்று எழுதிப் பழகிய நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம். ரீச்சர் இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். இரண்டும் ஒரே நகரம், இரண்டும் தமிழ், இது உங்கள் ஊர் வழக்கம், அது அவன் ஊர் வழக்கம் என்று விளக்கினார். பின்னர் ஒரு சட்டத்தைச் சொன்னார். இவ்வகுப்பில் பிழை விடலாம், ஆனால் பிழையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. முப்பது ஆண்டுகளாக இவ்வகுப்பில் இருக்கும் ஒரே கடுமையான சட்டம் அதுதான்.

பெற்றோர்களே, இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று கூற வேண்டும். நம் பிள்ளைகள் தமிழ் பேசுவதை நிறுத்துவதற்குச் சோம்பல் மட்டும் காரணம் அன்று. பத்து வயதுப் பிள்ளை தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியம் பேசுகின்றது. விருந்துக்கு வந்த பெரியவர்கள் அதைக் கேட்டுச் சிரிக்கின்றார்கள். "தமிழைக் கொல்லுகிறாய்" என்று பகிடி பண்ணுகின்றார்கள். பிள்ளை அடுத்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் பேசிவிடுகின்றது. ஆங்கிலத்தில் பேசினால் ஒருவரும் சிரிப்பதில்லை என்பதை அது கண்டுகொள்கின்றது. ரீச்சரின் சட்டத்தை நம் வரவேற்பறைகளுக்கும் கொண்டு செல்வோமாயின், இம்மொழிக்கு அதுவே பெருந்தொண்டாக அமையும்.

ரீச்சரின் வகுப்பில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒவ்வொரு மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையும் நாங்கள் ஊரிலிருக்கும் உறவினர் ஒருவருக்குக் கடிதம் எழுத வேண்டும். பிழைகளை ரீச்சர் திருத்துவார். ஆனால் திருத்திய பிரதியை அனுப்ப விடமாட்டார். "பிழையோடு போகட்டும். உன் கையெழுத்துத்தான் அவர்களுக்கு வேண்டும்" என்பார். நான் வலிகாமத்தில் இருந்த என் அம்மம்மாவுக்கு எழுதினேன். 1993இல் ஏழு வயதில் இங்கு வந்து சேர்ந்த நான் அந்த ஆண்டே எழுதத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போய்ச் சேர மாதங்கள் ஆகும் காலம் அது. பதில் வருவது அரிது. வந்த பதிலையும் அம்மாதான் வாசித்துக் காட்டுவார். ஆகவே சிறுமியாகிய எனக்கு அது கிணற்றில் போட்ட கல்லாகவே தோன்றியது.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகின்றேன்.

2000ஆம் ஆண்டு எனக்குப் பதினான்கு வயது. சனிக்கிழமைகளில் என் பாடசாலைத் தோழிகள் கூடைப்பந்தாட்டம் விளையாடினார்கள். நான் மட்டும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு தமிழ் வகுப்புக்கு வந்தேன். ஒரு நாள் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்திருந்தேன். ரீச்சர் காரணம் கேட்டார். அப்பொழுது நான் எழுந்து நின்று, அரைத் தமிழும் அரை ஆங்கிலமுமாக, முழு வகுப்பும் கேட்கும்படி கூறினேன். இந்தத் தமிழால் என்ன பயன்? இதைப் படித்த உங்களுக்கே தொழிற்சாலை வேலைதானே கிடைத்தது?

ரீச்சர் அப்போது கையில் வெண்கட்டியோடு நின்றுகொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. வெளியே போகச் சொல்லவில்லை. சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்னர் பலகையின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினார். அன்று மாலை என் தாயாருக்குத் தொலைபேசி எடுத்து முறையிடவும் இல்லை. அவர் முறையிட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அடுத்த சனிக்கிழமை நான் வகுப்புக்குப் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. அம்மாவோடு சண்டை பிடித்து, அழுது, இரண்டு ஆண்டுகள் இப்பக்கமே வராமல் இருந்துவிட்டேன்.

2002ஆம் ஆண்டு போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரல் மாதத்தில் ஏ9 வீதி திறக்கப்பட்டது. அந்த ஆண்டுக் கோடை விடுமுறையில் நாங்கள் குடும்பமாக ஊருக்குப் போனோம். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அம்மம்மாவைக் கண்டேன். அவர் என்னைக் கட்டியணைத்து அழுதுவிட்டு, உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்தார். அதற்குள் காணி உறுதியும், தாத்தாவின் படமும், அவற்றோடு ஒரு கட்டுக் கடிதங்களும் இருந்தன. எல்லாம் நான் எழுதியவை. எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று இருந்தன.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்த வரலாற்றை இங்குள்ள பெரியோர் அறிவர். அம்மம்மாவும் அந்தக் கூட்டத்தில் மழையில் நடந்தவர். கையில் கொண்டுபோகக் கூடியவை சிலவே. அந்தச் சிலவற்றுள், அதுவரை வந்து சேர்ந்த என் கடிதங்களையும் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துச் சென்றிருக்கின்றார். 'அம்மம்மா நலமா? நான் நலம். இங்கே பனி' என்று மூன்று வரிகளும் ஐந்து பிழைகளும் கொண்ட கடிதங்கள் அவை.

பின்னர் அவர் என்னிடம் கேட்ட கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. "ரெண்டு வருசமா எழுத்து நிண்டு போச்சே பிள்ளை. உனக்கு ஏதோ நடந்திட்டுதெண்டு பயந்து போனன். அம்மா என்னட்டை மறைக்கிறா எண்டு நினைச்சன்" என்றார்.

எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. நான் கூடைப்பந்தாட்டம் விளையாடிக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தமிழால் என்ன பயன் என்று நான் கேட்ட கேள்விக்கு விடை அந்தத் தகரப் பெட்டிக்குள் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ரீச்சர் அன்று அதைச் சொல்லியிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது.

செப்ரெம்பர் மாதம் வகுப்பு தொடங்கியபோது திரும்பி வந்தேன். கடைசி வாங்கில், என்னிலும் சிறிய பிள்ளைகளுக்கு நடுவில் அமர்ந்தேன். ரீச்சர் இடாப்பை எடுத்துப் பெயர்களை வாசித்தார். என் பெயர் வந்தது. புதிதாக எழுதப்பட்ட பெயர் அன்று. பழைய இடத்திலேயே இருந்தது. என் தங்கை பின்னர் சொன்னாள். இரண்டு ஆண்டுகளும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ரீச்சர் என் பெயரை வாசித்திருக்கின்றார். பதில் இல்லை என்று தெரிந்தும் வாசித்து, சிறிது பொறுத்து, வரவில்லை என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருக்கின்றார். புதிய ஆண்டுக்கு இடாப்பைப் புதிதாக எழுதியபோதும் என் பெயரை விடவில்லை.

நான் "உள்ளேன் ரீச்சர்" என்றேன். அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். "வீட்டுப்பாடம் செய்து கொண்டு வந்தனீரோ?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அப்பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ரீச்சர், இன்று நான் எடுக்கின்றேன். அன்று நான் கேட்டது பிழை. உங்கள் உழைப்பை நான் இழிவாகப் பேசினேன். இரவு முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு எங்களுக்காக வந்து நின்ற ஒருவரை, அந்த வேலையைச் சொல்லியே புண்படுத்தினேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

அன்பானவர்களே, நன்றி சொல்வதற்கும் மன்னிப்புக் கேட்பதற்கும் ஒரு காலம் உண்டு. அதைத் தள்ளிப்போடுவது நம் எல்லோருக்கும் உள்ள குறை. இரண்டு வரலாறுகளைச் சுருக்கமாக நினைவூட்ட விரும்புகின்றேன்.

அல்ஜீரியாவில் ஓர் ஏழைச் சிறுவன். தந்தை 1914இல் முதலாம் உலகப் போரில் இறந்துவிட்டார். தாய் காது மந்தமானவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து பிழைத்தவர். பையனைப் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பவே பாட்டி விரும்பினார். லூயி ஜெர்மேன் என்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர் அவனுக்குக் கட்டணமின்றி மேலதிகப் பாடம் சொல்லிக் கொடுத்து, வீட்டுக்கே சென்று பாட்டியிடம் பேசி, புலமைப்பரிசில் தேர்வு எழுத வைத்தார். அந்தச் சிறுவன்தான் அல்பேர் காம்யு. 1957இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த மாதமே அவர் தம் பழைய ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். செய்தி கிடைத்ததும் தாய்க்கு அடுத்ததாகத் தம் நினைவுக்கு வந்தவர் அவரே என்று அதில் தெரிவித்தார். நோபல் பரிசு உரை நூலாக வந்தபோது அதனை அந்த ஆசிரியருக்கே காணிக்கை ஆக்கினார். 1960 ஜனவரி 4ஆம் நாள் காம்யு கார் விபத்தில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 46. ஓய்வாக எழுதலாம் என்று தள்ளிப்போட்டிருந்தால் அந்த நன்றி சொல்லப்படாமலே போயிருக்கலாம்.

இரண்டாவது நம் மொழியின் வரலாறு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876 பெப்ரவரி முதலாம் நாள் மறைந்தபோது அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையருக்கு இருபது வயது. ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்து, சீவக சிந்தாமணி தொடங்கி எத்தனையோ நூல்களைப் பதிப்பித்த அவர், தம் ஆசிரியரை மட்டும் மறந்தாரில்லை. 57 ஆண்டுகள் கழித்து, 1933இலும் 1934இலுமாக, அவரது வாழ்க்கை வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். முதுமையிலும் அந்தக் கடனை அவர் இறக்கி வைத்துவிட்டே ஓய்ந்தார்.

நாம் காம்யுவும் அல்லர், ஐயரும் அல்லர். ஆயினும் நமக்கும் ஒரு கடிதம் எழுத முடியும். இளையோரே, உங்களுக்குத் தமிழ் கற்பித்தவராயினும், இந்நாட்டுப் பாடசாலையில் உங்கள் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகிக்கொண்ட வெள்ளைக்கார ஆசிரியராயினும், ஒருவர் உங்கள் நினைவில் இருப்பார். அவருக்கு இவ்வாரமே எழுதுங்கள். பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை.

இறுதியாக, நம் முன் உள்ள ஒரு கடமையைப் பற்றி.

ரீச்சரின் கண்பார்வை மங்கிவிட்டது. பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்த முடியாதவள் அவ்விடத்தில் நிற்கக் கூடாது என்று அவரே முடிவெடுத்திருக்கின்றார். ஒரு காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்த இவ்வகுப்பின் இடாப்பில் இன்று பதினேழு பெயர்களே உள்ளன. ரீச்சரும் போன பிறகு வகுப்பை மூடிவிடலாமா என்று நிர்வாகக் குழு யோசித்தது எனக்குத் தெரியும். அது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்.

ஒன்ராறியோ மாகாணத்தில் 1977ஆம் ஆண்டு தொடங்கிய மரபுமொழித் திட்டம் இன்று சர்வதேச மொழித் திட்டமாக நடைபெறுகின்றது. 23 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் பள்ளிச் சபை அம்மொழி வகுப்பை நடத்த வேண்டும் என்பது அதன் விதி. அந்த வகுப்புக்கும் வாரத்துக்கு இரண்டரை மணி நேரமே உச்ச அளவு. நம்முடைய இவ்வகுப்பும் இரண்டரை மணி நேரந்தான். ஒரு வாரத்தில் 168 மணித்தியாலங்கள் உள்ளன. அவற்றில் இரண்டரை ஆசிரியருக்கு, மிகுதி 165½ நமக்கு. இரண்டரை மணி நேரத்தில் அற்புதம் நிகழ்த்தவில்லை என்று ஆசிரியரைக் குறைகூறும் நாம், மிகுதி நேரத்தில் நம் வீட்டில் என்ன மொழி ஒலித்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான் இன்று ஒரு மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிகின்றேன். ஆங்கிலம் தெரியாத நம் முதியோர் படுக்கையில் கிடந்து நோவைச் சொல்ல வழியில்லாமல் தவிக்கும்போது, அருகே சென்று "எங்கே நோகுது அப்பு?" என்று கேட்கின்றேன். அந்த முகங்களில் தோன்றும் ஆறுதலை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். அந்த மூன்று சொற்களும் ரீச்சர் காப்பாற்றித் தந்தவை.

ஆகவே, நானும் என்னோடு படித்த இன்னொருவரும் வரும் செப்ரெம்பர் முதல் இவ்வகுப்பைப் பொறுப்பேற்க இசைந்துள்ளோம் என்பதை இங்கு அறிவிக்கின்றேன். எங்களுக்கு ரீச்சரின் திறமை இல்லை. அவரது சட்டம் மட்டும் எங்களிடம் உண்டு. பிழை விடலாம், சிரிக்கக் கூடாது. மாதக் கடைசியில் கடிதமும் தொடரும். இன்று கைத்தொலைபேசியில் முகம் பார்த்தே பேசலாம் என்பீர்கள். பேசுங்கள். ஆனால் தகரப் பெட்டிக்குள் வைப்பதற்கு ஒரு கையெழுத்தும் இருக்கட்டும்.

சென்ற வாரம் ரீச்சரின் வீட்டுக்குப் போயிருந்தேன். இடாப்பை என் கையில் தந்தார். பதினேழு பெயர்கள் என்று சொன்னேன் அல்லவா? அது வருகின்றவர்களின் எண்ணிக்கை. இடாப்பில் அதற்குக் கீழே இன்னும் ஒன்பது பெயர்கள் இருக்கின்றன. நெடுநாளாக வராத பிள்ளைகள். "அவையளையும் கூப்பிடும்" என்றார் ரீச்சர்.

கூப்பிடுவேன் ரீச்சர். அந்த ஒன்பது பிள்ளைகளின் பெற்றோர் எவரேனும் இம்மண்டபத்தில் இருந்தால், இதை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்களது இடம் அப்படியே இருக்கின்றது. வருவதற்கு விளக்கம் எதுவும் தேவையில்லை. வீட்டுப்பாடம் மட்டும் கேட்கப்படும்.

ரீச்சர், உங்கள் உடல்நலத்துக்கும் நீண்ட ஓய்வுக்கும் எங்கள் வாழ்த்துக்கள். நீங்கள் திருத்த முடியாத கையெழுத்தை இனி நாங்கள் உங்களுக்கு வாசித்துக் காட்டுவோம். போய்வாருங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. ஊரில் சொல்வது போல, வாருங்கள் என்றே சொல்லி விடைகொடுக்கின்றேன்.